எண்ணூறு வெள்ளிக் கடனில் பிறந்த இசைத்தட்டு



ஒரு காலத்தில் தோட்டத்து லயங்களில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்றால் பந்தலுக்கு அடுத்தபடியாக வந்து இறங்குவது பாட்டுப் பெட்டிதான். ஒலிபெருக்கிக் குழாயை மரத்தில் கட்டுவார்கள். கறுப்பு நிறத் தட்டு ஒன்றைக் காகித உறையிலிருந்து பக்குவமாக எடுத்து, மேல்துண்டால் துடைத்துச் சுழல விடுவார்கள். தட்டைத் தொட்டுப் பார்க்கச் சிறுவர்கள் சுற்றி நிற்பார்கள். பெரியவர்கள் விரட்டுவார்கள். பாட்டு தொடங்கியதும் விரட்டியவரும் விரட்டப்பட்டவரும் ஒன்றாகக் கேட்பார்கள்.

அந்தத் தட்டு எதனால் ஆனது? அதை அச்சிட்டது யார்? கடல் கடந்தும் ஊர் கடந்தும் அது எப்படிப் போய்ச் சேர்ந்தது? விற்ற காசு யார் கைக்குப் போனது? இவற்றைத் தெரிந்துகொள்ளவே இன்றைய பேச்சு. பெரிய கம்பெனிகளின் கதையை நான் சொல்லப் போவதில்லை. தோட்டத்திலிருந்து நகரத்துக்குப் பிழைக்க வந்த ஒரு குடும்பம், 800 அமெரிக்க வெள்ளியை முதலாக வைத்து இசைத்தட்டுத் தொழிலில் இறங்கிய கதையைச் சொல்லப் போகிறேன்.

கித்தாவிலிருந்து அரக்குக்கு

முதலில் தட்டின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எமில் பெர்லினர் என்பவர், 1887-ஆம் ஆண்டில் தட்டையான வட்டில் ஒலியைப் பதியும் முறைக்கு உரிமை பெற்றார். 1890-களில் அவர் அமெரிக்காவில் விற்ற முதல் தட்டுகள் கெட்டிப்படுத்திய ரப்பரால் ஆனவை. ஆம், நேயர்களே! நாம் கித்தா என்று சொல்லும் அதே ரப்பர்தான். ஆனால் அது மலாயாவின் கித்தா அல்ல. மலாயாவில் ரப்பர்த் தோட்டங்கள் பெரிதாக எழும்பியது அதற்குப் பிறகுதான்.

ரப்பர்த் தட்டு சமமாக அச்சாகவில்லை. ஆங்காங்கே வரி பதியாமல் மழுங்கிப் போயிற்று. ஆகவே 1895-ஆம் ஆண்டு வாக்கில் பெர்லினர் அரக்குக்கு மாறினார். அரக்கு என்பது மரக்கிளைகளில் ஒட்டி வாழும் ஒரு சின்னஞ்சிறு பூச்சி சுரக்கும் பிசின். இந்தியாவின் காடுகளிலிருந்து அது ஏராளமாகக் கிடைத்தது. அரக்கோடு கல்மாவும் கரிப்பொடியும் சேர்த்துச் சூடாக்கி அழுத்தினால் தட்டு தயார். அரை நூற்றாண்டுக் காலம் உலகம் முழுவதும் பாட்டுக் கேட்டது இந்தப் பூச்சியின் புண்ணியத்தில்தான்.

ஆனால் அரக்குத் தட்டுக்கு ஒரு பெரிய குறை உண்டு. கை தவறினால் மண்பானை போல உடைந்துவிடும். கனமும் அதிகம். தூர ஊருக்கு அனுப்பினால் கூலியும் கூடுதல், சேதமும் கூடுதல். இந்த நிலையை மாற்றியது வினைல் என்னும் பிளாஸ்டிக். 1948-இல் கொலம்பியா நிறுவனம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் நீண்ட வினைல் தட்டை வெளியிட்டது. மறு ஆண்டே ஆர்.சி.ஏ. நிறுவனம் 45 சுற்று ஓடும் சிறிய தட்டைக் கொண்டுவந்தது. பக்கத்துக்கு ஒரு பாட்டு, நடுவில் பெரிய துளை, கையடக்கமான உருவம். எளிதில் உடையாது, கனமில்லை, காரின் பின்பக்கத்தில் சில நூறு தட்டுகளை அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்கலாம். பெரிய கிடங்கும் பெரிய முதலும் இல்லாதவனும் இந்தத் தொழிலில் கால் வைக்கலாம் என்ற நிலை இப்படித்தான் வந்தது.

பருத்திக் காட்டிலிருந்து வந்த குடும்பம்

அப்படிக் கால் வைத்தவர்களில் ஒருவர் பெரி கோர்டி. 1929-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் பிறந்த கறுப்பினத்தவர். எட்டுப் பிள்ளைகளில் ஏழாவது பிள்ளை.

அவருடைய பெற்றோர் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வந்தவர்கள். அந்தத் தெற்கு மாநிலங்களில் அடிமை முறை 1865-இல் சட்டப்படி ஒழிந்தது. ஆனாலும் பருத்தித் தோட்டங்களில் கறுப்பின மக்கள் பட்ட பாடு ஒழியவில்லை. நிலம் ஒருவனுடையது, உழைப்பு வேறொருவனுடையது. விதையும் மாவும் துணியும் கடனுக்குக் கொடுத்துவிட்டு, அறுப்புக் காலத்தில் கணக்குப் பார்க்கும்போது கடன் மட்டும் மிஞ்சும். அந்தக் கணக்குப் புத்தகத்தை எழுதியவன் நிலக்காரன். உழைத்தவன் அதைப் படிக்க முடியாது. படிக்கத் தெரிந்தாலும் எதிர்த்துக் கேட்க முடியாது. இந்த வேதனையை நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பெரி கோர்டியின் தந்தை கொஞ்சம் சொந்த நிலம் வைத்திருந்தவர். 1922-ஆம் ஆண்டில் அவர் தம் நிலத்து மரக்கட்டைகளை 2,600 வெள்ளிக்கு விற்றார். ஒரு கறுப்பர் கையில் அவ்வளவு பெரிய தொகை இருப்பது ஊரில் தெரிந்தால் பணத்துக்கும் ஆபத்து, உயிருக்கும் ஆபத்து. அதனால் அந்தக் காசோலையை உள்ளூரில் மாற்ற அஞ்சி, டெட்ராய்டுக்கு ரயில் ஏறினார். போனவர் திரும்பவில்லை. குடும்பத்தை அங்கேயே வரவழைத்துக்கொண்டார். 1910 முதல் 1970 வரை இப்படித் தெற்கை விட்டு வெளியேறிய கறுப்பின மக்கள் ஏறத்தாழ 60 லட்சம் பேர்.

டெட்ராய்ட் என்றால் மோட்டார் கார். மகன் பெரி குத்துச்சண்டை போட்டுப் பார்த்தார், பட்டாளத்தில் இருந்தார், 1953-இல் இசைத்தட்டுக் கடை ஒன்று வைத்தார். தமக்குப் பிடித்த ஜாஸ் இசைத் தட்டுகளையே வாங்கி அடுக்கினார். கடைக்கு வந்த தொழிலாளிகளோ புளூஸ் பாட்டுக் கேட்டார்கள். கடை மூடப்பட்டது. பிறகு கார்த் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே ஒரு முனையில் வெறும் இரும்புச் சட்டமாக நுழையும் வண்டி, கைக்குக் கை மாறி, மறுமுனையில் பளபளக்கும் காராக வெளியேறும். அந்தக் காட்சி அவர் மனத்தில் பதிந்துவிட்டது. பாட்டையும் ஏன் இப்படி வரிசையாக, ஒவ்வொருவர் கைத்திறனும் சேர்ந்து உருவாக்கக் கூடாது என்று எண்ணினார்.

அவர் எழுதிய சில பாடல்களைப் பெரிய கம்பெனிகள் வெளியிட்டன. பாடல்கள் ஓடின. பணம் மட்டும் வரவில்லை. 1958-இல் அவர் உருவாக்கிய ஒரு தட்டை நியூயார்க் கம்பெனி ஒன்று நாடு முழுவதும் விற்றது. அதற்காக அவருக்கு வந்த காசோலை 3 வெள்ளி 19 காசு! அப்போது உடனிருந்த இளம் பாடகர் ஸ்மோக்கி ராபின்சன், இதற்குச் சொந்தமாகவே கம்பெனி தொடங்கிவிடலாமே என்று தூண்டினார்.

குடும்பச் சீட்டு

சொந்தக் கம்பெனிக்குப் பணம்? கோர்டி குடும்பத்தில் நல்ல பழக்கம் ஒன்று இருந்தது. நம்மவர்கள் சீட்டுப் பிடிப்பது போல, குடும்பத்தார் ஒவ்வொருவரும் மாதம் 10 வெள்ளி போட்டுப் பொது நிதி ஒன்று வைத்திருந்தார்கள். ஒருவர் கடன் கேட்டால் எல்லாரும் கூடிப் பேசி முடிவு செய்ய வேண்டும்.

பெரி கேட்டது 1,000 வெள்ளி. வயது முப்பதை நெருங்குகிறது, ஒரு கடையை நடத்தி நொடித்தாயிற்று, கடனை எப்படிக் கட்டுவாய் என்று அக்காள் எஸ்தர் துருவித் துருவிக் கேட்டார். நேயர்களே, அந்தக் கேள்வியைக் கேட்டவரைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். பொதுப் பணத்தைக் காப்பவர் கேட்க வேண்டிய கேள்வி அது. கடைசியில் 1959-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 12-ஆம் நாள், பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு 800 வெள்ளி கொடுத்தார்கள். பின்னாளில் அதே எஸ்தர்தான் கம்பெனியின் பெரிய தூணாக நின்றார்.

அந்தப் பணத்தில் மார்வ் ஜான்சன் என்ற இளைஞர் பாடிய முதல் தட்டு வெளிவந்தது. தட்டின் முத்திரைப் பெயர் 'டாம்லா'. அதே ஆண்டில் மேற்கு கிராண்ட் புலவார்டு வீதியில், 2648-ஆம் எண்ணுள்ள ஒரு சாதாரண வீட்டை வாங்கினார்கள். முன்பு புகைப்படக்காரர் தொழில் நடத்திய வீடு அது. பின்பக்கம் ஒலிப்பதிவுக் கூடம், முன்பக்கம் அலுவலகம், மாடியில் குடியிருப்பு. எதிரொலி வேண்டுமென்றால் மேல்மாடத்தில் துளையிட்டு அதையே எதிரொலி அறையாக்கினார்கள். 1960-இல் 'மோட்டவுன்' என்ற பெயரில் கம்பெனி பதிவாயிற்று. மோட்டார் நகரம் என்பதன் சுருக்கமே அந்தப் பெயர்.

தட்டு அச்சாகும் விதம்

பாட்டைப் பதிவு செய்துவிட்டால் வேலை முடிந்துவிடாது. உண்மையில் பாதி வேலை அதற்குப் பிறகுதான்.

ஒலிநாடாவில் உள்ள பாட்டை, மெழுகெண்ணெய் போன்ற மென்பூச்சுப் பூசிய அலுமினியத் தகட்டின் மீது, கூரிய ஊசியால் சுழல்வரியாகக் கீறுவார்கள். அந்தத் தகட்டின்மேல் வெள்ளிப் பூச்சு ஏற்றி, மின்சாரத் தொட்டியில் அமிழ்த்தி, நிக்கலைப் படிய வைப்பார்கள். படிந்த உலோகத்தைப் பிரித்தெடுத்தால், பள்ளம் இருந்த இடமெல்லாம் மேடாக உள்ள எதிர் உருவம் கிடைக்கும். அதிலிருந்து இன்னொன்று, அதிலிருந்து மற்றொன்று என எடுத்து, இறுதியில் அச்சுத் தகடுகளைச் செய்வார்கள். பணியாரச் சட்டியைப் போல அதுதான் வார்ப்பு.

பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு அச்சுத் தகடுகளை அழுத்துப் பொறியில் பூட்டுவார்கள். நடுவே சூடான வினைல் உருண்டையை, இருபுறமும் வட்டக் காகித முத்திரையோடு வைப்பார்கள். நீராவிச் சூட்டில் பல டன் எடையோடு பொறி அழுத்தும். உருண்டை அப்பமாகப் பரவும். பிறகு குளிர்ந்த நீர் பாய்ச்சி இறுக வைத்து, விளிம்பில் பிதுங்கிய பிசிறை வெட்டிவிட்டால் தட்டு தயார். நடுவில் உள்ள காகிதத்தைப் பசை போட்டு ஒட்டுவதில்லை. அழுத்தும் சூட்டிலேயே அது பற்றிக்கொள்கிறது.

சிறு கம்பெனிக்கு இப்படிப்பட்ட ஆலை சொந்தமாக இராது. மோட்டவுன் தட்டுகள் மிச்சிகன் மாநிலத்தின் ஓவோசோ என்ற சிற்றூர் ஆலையிலும், தெற்கே டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகர ஆலையிலும் அச்சாயின. நாஷ்வில் ஆலையைப் பற்றி ஒரு செய்தி சொல்ல வேண்டும். அந்த ஆலையின் மாடியில் கட்டில், அடுப்பங்கரை எல்லாம் கொண்ட ஒரு தங்கும் பகுதி இருந்தது. ஏன் தெரியுமா? வேலை நிமித்தம் அங்கே வரும் கறுப்பின வாடிக்கையாளர்களுக்கு ஊரில் உள்ள வெள்ளையர் விடுதிகளில் இடம் கொடுக்க மாட்டார்கள். அதனால் ஆலைக்குள்ளேயே தங்க வைத்தார்கள். மோட்டவுன் அறை என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. பாட்டு எந்த வீட்டுக்குள்ளும் போகலாம். பாட்டைக் கொண்டுவந்தவன் படுக்க மட்டும் இடமில்லை! தட்டின் உறைகளிலும் இந்தப் பாகுபாடு தெரிந்தது. தெற்குக் கடைக்காரர்கள் வாங்கத் தயங்குவார்களோ என்று சில தொடக்ககால உறைகளில் பாடகர் படத்தையே போடவில்லை. 1962-இல் பாடகர் குழு பேருந்தில் தெற்கே கச்சேரிக்குப் போனபோது, பர்மிங்காம் நகரில் அந்த வண்டியின் மீது துப்பாக்கிச் சூடும் நடந்தது.

விற்றாலும் ஆபத்து

இனி, சிறு கம்பெனிகளை உண்மையில் சாய்த்தது எது என்று பார்ப்போம். தட்டு விற்காமல் போவது மட்டுமே ஆபத்து என்று நினைப்போம். அப்படியில்லை. தட்டு மிக நன்றாக விற்பதும் ஆபத்துதான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புரிந்துகொள்வதற்காக நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை. ஒரு தட்டை அச்சிட்டு உறையிட 20 காசு ஆகிறது. மொத்த வியாபாரிக்கு 40 காசுக்குக் கொடுக்கிறோம். 1,000 தட்டு என்றால் 200 வெள்ளி செலவு. சமாளித்துவிடலாம். வானொலியில் பாட்டுப் பிடித்துக்கொண்டது. ஒரே வாரத்தில் 1,00,000 தட்டு கேட்கிறார்கள். இப்போது 20,000 வெள்ளி வேண்டும். அச்சு ஆலை உடனே பணம் கேட்கும். மொத்த வியாபாரியோ மூன்று மாதம் கழித்துத் தருகிறேன் என்பான். விற்காத தட்டுகளைத் திருப்பி அனுப்பவும் அவனுக்கு உரிமை உண்டு. திருப்பி அனுப்பியது போக, சிறு கம்பெனிதானே, இவனால் என்ன செய்ய முடியும் என்று மீதிப் பணத்தையும் இழுத்தடிப்பான். இடையில் ஆலைக்காரன் கடனுக்காகக் கழுத்தைப் பிடிப்பான். பாட்டு நாடெல்லாம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே கம்பெனி மூழ்கிப் போகும். இப்படிப் போன சிறு கம்பெனிகள் பல.

தொடக்கத்தில் கோர்டி இந்த ஆபத்தை நேரே எதிர்கொள்ளவில்லை. முதல் தட்டை நாடு முழுவதும் விற்கும் பொறுப்பைப் பெரிய நிறுவனம் ஒன்றிடமே விட்டார். ஆனால் அப்படி விட்டால் பெரும்பங்கு அவர்களுக்கே போகும். ஆகவே 1960-இல் ஸ்மோக்கி ராபின்சன் குழுவினரின் ஒரு பாட்டைத் தாமே நேரடியாக நாடெங்கும் அனுப்பத் துணிந்தார்.

அந்தத் துணிவுக்குப் பக்கபலமாக நின்றவர்கள் கணக்கு அறிந்தவர்கள். சகோதரி லூசி பட்டியல் அனுப்புவதையும் பணம் வசூலிப்பதையும் கவனித்தார். விற்பனைப் பொறுப்பை பார்னி ஏல்ஸ் ஏற்றார். அவர்கள் கண்டுபிடித்த வழி இதுதான்: ஒரு தட்டு வெற்றி பெற்றால், அடுத்த வெற்றித் தட்டு உடனே தயாராக இருக்க வேண்டும். பழைய பாக்கியைக் கட்டாத வியாபாரிக்குப் புதுத் தட்டு கிடையாது. கடைக்கு ஆள் வந்து புதுப் பாட்டைக் கேட்கும்போது, வியாபாரி தானாகவே பணத்தை அனுப்புவான். அடுத்த தட்டுதான் முந்தைய தட்டின் வசூல்காரன்.

அப்படியானால் ஒவ்வொரு தட்டும் தரமாக இருக்க வேண்டுமல்லவா? அதற்காக வெள்ளிக்கிழமை தோறும் கூட்டம் போட்டார்கள். புதுப் பாட்டுகளைப் போட்டுக் கேட்டு, வெளியிடலாமா வேண்டாமா என்று வாக்கெடுத்தார்கள். கையில் ஒரே ஒரு வெள்ளி இருக்கிறது, பசியும் இருக்கிறது. இந்தத் தட்டை வாங்குவாயா, ரொட்டி வாங்குவாயா என்பதே அங்கே கேட்கப்பட்ட கேள்வி. ஏழையின் காசுக்கு மதிப்புத் தெரிந்தவர்தாம் அப்படிக் கேட்க முடியும்.

1960-இன் கடைசியில் 'ஷாப் அரவுண்ட்' என்ற பாட்டு வெளிவந்தது. வெளியிட்ட பிறகும் கோர்டிக்குத் திருப்தியில்லை. நள்ளிரவு தாண்டி மூன்று மணிக்கு ராபின்சனைத் தொலைபேசியில் எழுப்பி, எல்லாரையும் வரவழைத்து, வேகத்தைக் கூட்டி மறுபடி பதிவு செய்தார். அந்தத் தட்டு பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. மறு ஆண்டு மார்வலெட்ஸ் என்ற இளம்பெண்கள் குழு பாடிய தபால்காரர் பாட்டு, அமெரிக்கப் பாட்டு வரிசையில் முதலிடம் பிடித்தது. 1966-க்குள் அந்த வீதியில் மேலும் ஏழு வீடுகளை வாங்கிவிட்டார்கள். வேலை செய்தவர்கள் 450 பேருக்கு மேல்.

பெயர் இல்லாத கைகள்

கதை இத்துடன் முடிந்தால் எல்லாருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் வரலாறு முழு உண்மையையும் கேட்கிறது.

அந்த வீட்டின் பின்பக்கக் கூடத்தில் இரவும் பகலும் வாசித்த இசைக் கலைஞர்கள் இருந்தார்கள். பாட்டுக்கு உயிர் கொடுத்தவர்கள் அவர்கள். தட்டு உறைகளில் அவர்கள் பெயர் கிடையாது. 1971-இல் மார்வின் கே பாடிய தொகுப்புத் தட்டில்தான் அவர்கள் பெயர்கள் முதன்முதலாக முறையாக அச்சேறின. மறு ஆண்டே கம்பெனி லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு இடம்பெயர்ந்தது. வேலை இல்லை என்ற செய்தியைக் கலைஞர்கள் பலர் கதவில் ஒட்டிய அறிவிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். ஹாலண்ட் சகோதரர்களும் டோசியரும் என மூவர் சேர்ந்து எழுதிய பாடல்கள் கம்பெனியை உயர்த்தின. பங்கு குறித்து 1968-இல் அவர்களுக்கும் கம்பெனிக்கும் வழக்கு மூண்டது. 3 வெள்ளி 19 காசைக் கண்டு மனம் நொந்து கம்பெனி தொடங்கியவர், தாமே முதலாளியானபோது, வேறு சிலர் தங்கள் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நொந்து நின்றார்கள்.

அந்தக் கூடத்தில் பாஸ் கிதார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் 1983-இல் காலமானார். உலகம் அவரைப் பெரிதாகக் கொண்டாடியது அவர் போன பிறகுதான். 2002-இல் அந்தக் கலைஞர்களைப் பற்றி ஓர் ஆவணப் படமே வந்தது.

அதே 1983-இல் மோட்டவுன், தட்டுகளைத் தானே வியாபாரிகளுக்கு அனுப்பும் முறையைக் கைவிட்டு, அந்தப் பொறுப்பை எம்.சி.ஏ. என்ற பெரிய நிறுவனத்திடம் கொடுத்தது. 1988-இல் கம்பெனியையே 6 கோடியே 10 லட்சம் வெள்ளிக்கு விற்றார்கள். கடன் கொடுக்கத் தயங்கிக் கேள்வி கேட்ட அக்காள் எஸ்தர், அந்தப் பழைய வீட்டை 1985-இல் அருங்காட்சியகமாக்கிக் காத்தார்.

வினைல் தட்டும் செத்துவிடவில்லை. ஒலிநாடா வந்தது, குறுவட்டு வந்தது, கைத்தொலைபேசியில் பாட்டு வந்தது. ஆனாலும் 2022-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் விற்ற வினைல் தட்டுகளின் எண்ணிக்கை, 1987-க்குப் பிறகு முதல்முறையாகக் குறுவட்டுகளின் எண்ணிக்கையை மிஞ்சியது. அதே உருண்டை, அதே அழுத்துப் பொறி, அதே பிசிறு வெட்டல்.

நேயர்களே! நம் வீட்டுப் பரணில் பழைய இசைத்தட்டு ஒன்று கிடக்கலாம். அதை எடுத்துப் பாருங்கள். பாடியவர் பெயர் இருக்கும். கம்பெனி முத்திரை இருக்கும். அரக்கு எடுத்தவர், அச்சழுத்தியவர், பின்னணியில் வாசித்தவர், பெட்டியில் அடுக்கி அனுப்பியவர் பெயர்கள் இருக்கா. பிள்ளைகளிடம் அந்தத் தட்டைக் காட்டும்போது, அதில் எழுதப்படாத அவர்களைப் பற்றியும் சொல்லுங்கள். பால் வாளி சுமந்த தாத்தா பாட்டியின் பெயரும் எந்த டயரிலும் அச்சாகவில்லை அல்லவா? சொன்னால் பிள்ளைகளுக்கு உடனே விளங்கும்.

இன்னொன்றையும் சொல்லிக்கொடுங்கள். மாதம் 10 வெள்ளி போட்ட ஒரு குடும்பத்தின் ஒற்றுமை, ஒரு தொழிலைத் தொடங்கி வைத்தது. கணக்குப் புத்தகத்தைத் தானே எழுதத் தெரிந்ததால் அது நிலைத்தது. அந்தக் கணக்கில் உடன் உழைத்தவர்களின் பங்கும் பெயரும் சரியாக எழுதப்பட்டிருந்தால், அதன் பெருமை இன்னும் உயர்ந்திருக்கும்.